அரபு நாட்டுப் பருப்பு வடை... வீட்டிலேயே சுடுங்கள்!

"வெளிநாட்டுப் பண்டம் எல்லாம் விஷம், வீட்டு வாசல்படி ஏற்றாதீர்கள்" என்று ஒரு சித்த மருத்துவர் எழுதினால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. எங்கள் துறையில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். வாசகர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஃபலாஃபலை தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்லப் போகிறேன். ஆனால் இரண்டு நிபந்தனை. கடையில் வாங்காமல் வீட்டில் சுடுங்கள். சுட்ட உருண்டையை மட்டும் தட்டில் போட்டுத் தின்னாதீர்கள்.

அதென்ன ஃபலாஃபல் என்று கேட்கிறவர்கள் எங்கள் குமரி மாவட்டத்தில் இப்போது குறைவு. குளச்சல், மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு இரண்டு வீட்டில் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிற பிள்ளை இருக்கும். மீன்பிடிக்கப் போனவர்கள், நர்ஸ் வேலைக்குப் போனவர்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள். லீவில் வரும்போது பேரீச்சம்பழத்தோடும் பால்பவுடரோடும் கூடவே நாக்கு ருசியும் வந்து விடுகிறது. குபூஸ், ஹம்மூஸ், ஃபலாஃபல் என்ற வார்த்தைகள் எல்லாம் இங்கே சின்னப் பிள்ளைகள் வாயில் சாதாரணமாகப் புரள்கின்றன.

வடசேரியிலிருந்து முழங்கால் வலிக்கு என்னிடம் வருகிற ஒரு அம்மா, போன மாதம் மருந்தை வாங்கிக்கொண்டு எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரே, பேரன் துபாய்ல இருந்து லீவுக்கு வந்திருக்கான். சாயங்காலம் ஆனா அந்த பலாப்பல் வேணும்னு ஒரே நிலையில நிக்கான். கடையில வாங்கிக் குடுக்க மனசு வரல்ல. நான் என்ன செய்யட்டும்?"

"நீங்க பருப்பு வடை சுடுவீங்களாம்மா?"

"இது என்ன கேள்வி டாக்டரே, அம்பது வருசமா சுடுகேன்."

"அப்போ உங்களுக்கு ஃபலாஃபல் தெரியும். பேருதான் தெரியாது."

சிரித்துவிட்டார். ஆனால் நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பருப்பு வடைக்குக் கடலைப் பருப்பை ஊறவைத்து, வேகவைக்காமல், தண்ணீர் விடாமல் கொரகொரவென்று அரைத்து, வெங்காயம், இலை, மசாலா சேர்த்து எண்ணெயில் சுடுகிறோம். ஃபலாஃபலுக்குப் பருப்பாக உடைக்காத முழுக் கொண்டைக்கடலை. மற்றபடி அதே வேலைதான். லெபனான், சிரியா, பாலஸ்தீனம் பக்கம் கொண்டைக்கடலையில் செய்கிறார்கள். எகிப்தில் 'தமீயா' என்று சொல்லி, ஒரு வகை பெரிய அவரைப் பருப்பில் செய்து காலைச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். (அந்த அவரையைப் பற்றிப் பின்னால் ஒரு எச்சரிக்கை இருக்கிறது.)

'நம் உணவு, அந்நிய உணவு' என்று கோடு கிழிப்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. நாங்கள் செரியாமைக்கும் வாயுவுக்கும் காலங்காலமாகக் கொடுக்கிற அட்டாதி சூரணத்தில் எட்டுச் சரக்கு: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம். இதில் பெருங்காயம் எங்கிருந்து வருகிறது? ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும்! நம் நாட்டில் பெருங்காயச் செடி பயிரிடும் முயற்சியாக இமாசலப் பிரதேசத்தில் லாகுல் பள்ளத்தாக்கில் முதல் நாற்று நட்டதே 2020 அக்டோபரில்தான். அதுவரைக்கும் நம் சாம்பார் மணத்தது யாருடைய தயவில்? காய்ந்த மிளகாய் தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது. கொண்டைக்கடலையின் பூர்வீகமும் இன்றைய துருக்கியின் தென்கிழக்கும் சிரியாவும் சேர்ந்த பகுதிதான். இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாக அதைப் பயிரிடுவது இந்தியா.

எங்கள் ஊர் மரச்சீனியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் தென்னமெரிக்காக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வரத்து நின்றபோது, அன்றைய திருவிதாங்கூரில் ஏழைபாழைகளின் வயிற்றைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான். (கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அதற்கு முன் நாங்களும் திருவிதாங்கூர்க்காரர்கள்.)

மரச்சீனியில் சயனைடு நஞ்சு உண்டு. எங்கள் வீட்டுப் பெண்கள் அதை வெட்டிப் போட்டு அவித்து, அவித்த தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். வெறும் கிழங்கைத் தின்ன மாட்டார்கள். கூட மீன் குழம்பு இருக்கும். மீனில் உள்ள கந்தகச் சத்துள்ள புரதம், மிச்சமிருக்கும் நஞ்சை உடம்பு முறிப்பதற்கு உதவுகிறது. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டில் 1981-ல் பஞ்ச காலத்தில், சரியாகப் பக்குவம் செய்யாத இதே கிழங்கை, வேறு புரதமும் இல்லாமல் தின்ற ஏழை ஜனங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால் விளங்காமல் போனது. கிழங்கு ஒன்றுதான். நமக்குப் பக்குவமும் கூட்டும் சேர்ந்து கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஃபலாஃபல் விஷயத்தில் எனக்குள்ள கவலை இதுதான். அரபு நாட்டில் அதற்கென்று ஒரு கூட்டு இருக்கிறது. எள்ளை அரைத்த தஹினி, எலுமிச்சைச் சாறு, கைநிறையப் பச்சை இலை, வெள்ளரி, தக்காளி, உப்பில் புளித்த காய். நம்மூருக்கு வரும்போது இந்தக் கூட்டெல்லாம் கப்பலிலேயே நின்றுவிட்டது! எண்ணெயில் பொரித்த உருண்டை மட்டும் இறங்கியிருக்கிறது. கூடவே மைதா ரொட்டி, அதற்குள் கரண்டி கரண்டியாக மையோனைஸ். பச்சை முட்டையில் செய்கிற மையோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கு அது மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி.

அந்தக் கூட்டு ஏன் முக்கியம் என்கிறேன்? கொண்டைக்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. ஆனால் பருப்பு வகைகள் எல்லாவற்றிலும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. எள்ளில் அது நிறைய. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்ந்த மாதிரி.

அடுத்தது இரும்புச் சத்து. இதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். நம் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. என்னிடம் வருகிற பெண்களில் முகம் வெளுத்து, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கள் தினமும் இரண்டு பேராவது உண்டு. கடலையில் இரும்பு இருக்கிறது. ஆனால் தாவரத்தில் உள்ள இரும்பைக் குடல் லேசில் வாங்கிக் கொள்ளாது. எலுமிச்சையின் புளிப்பும் வைட்டமின் சி-யும் கூட இருந்தால் வாங்கிக் கொள்ளும். கூட டீ இருந்தால்? டீயில் உள்ள துவர்ப்புச் சத்து அந்த இரும்பைக் கட்டிப் போட்டுவிடும்.

இப்போது நம் சாயங்காலத்தை யோசித்துப் பாருங்கள். வடையும் டீயும்! ஆபீஸ் போகிற ஒரு பெண், ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது என்று வந்தார். மதியம் சாப்பிட்ட கையோடு ஒரு டீ, நாலு மணிக்கு வடையோடு ஒரு டீ, ஆறு மணிக்கு வீட்டில் ஒரு டீ. அன்னபேதிச் செந்தூரம் எழுதிக் கொடுத்தேன். அதை விட முக்கியமாக, "சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க" என்றேன். "வடைக்கு டீ இல்லாமலா?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. எலுமிச்சை பிழிந்து, இலையோடு ஃபலாஃபல் சாப்பிடுகிற பழக்கத்திலிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது இதைத்தான். பருப்பு வடைக்கும் இது பொருந்தும்.

எங்கள் நாகர்கோவில் பக்கத்து ரசவடையை மறந்துவிட வேண்டாம். பருப்பு வடையை ரசத்தில் ஊறப்போட்டுத் தருவது. மிளகு, சீரகம், பூண்டு, புளி எல்லாம் வடையோடு சேர்ந்தே வயிற்றுக்குள் போகின்றன. அதைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்கு வாயுவின் குணம் தெரிந்திருக்கிறது.

சரி, அடுப்படிக்குப் போவோம்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு 200 கிராம் கொண்டைக்கடலை. வெள்ளைக் கடலை ருசியாக இருக்கும். சின்னக் கறுப்புக் கடலையில் நார்ச்சத்து அதிகம், ஆனால் தோல் கொஞ்சம் தட்டுப்படும். கழுவி, நிறையத் தண்ணீரில் 12 மணி நேரம் ஊறட்டும். நம்மூர்ப் புழுக்கத்தில் ஒரே தண்ணீரில் விட்டால் நுரைத்துப் புளித்துவிடும். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள், அல்லது ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊறவைத்த தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும். வயிற்றில் வாயுவை உண்டாக்குகிற சில சர்க்கரைப் பொருள்கள் அந்தத் தண்ணீரோடு கொஞ்சம் போய்விடும்.

வேகவைக்கவே கூடாது! பல வீடுகளில் இங்கேதான் காரியம் கெடுகிறது. சுண்டலுக்கு அவித்த கடலை மிச்சமிருக்கிறதே என்று அதை அரைத்து உருட்டிப் போடுகிறார்கள். எண்ணெயில் போட்டதும் உருண்டை பிரிந்து சட்டி முழுக்க மிதக்கும். அவித்த கடலையில் மாவுச்சத்து முன்பே வெந்து தளர்ந்து கிடக்கிறது, பிடிப்பு இல்லை. பச்சையாக ஊறிய கடலைதான் எண்ணெய்ச் சூட்டில் வெந்து தன்னைத்தானே இறுக்கிக் கொள்ளும். டப்பாவில் வருகிற கடலையும் அவித்ததுதான், அதுவும் ஆகாது.

தண்ணீரை வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். ஐந்தாறு பல் வெள்ளைப்பூண்டு, ஒரு கைப்பிடி உள்ளி (அதுதான், சின்ன வெங்காயம்), இரண்டு கைப்பிடி கொத்தமல்லி இலை, ஒரு கைப்பிடி புதினா, ஒரு டீஸ்பூன் சீரகம், ஒரு டீஸ்பூன் கொத்தமல்லி விதை, அரை டீஸ்பூன் மிளகு, அளவாக உப்பு. அரபு நாட்டில் போடுகிற பார்ஸ்லி இலையைத் தேடி அலைய வேண்டாம். பூண்டு, சீரகம், மல்லி என்று இந்தச் சேர்மானத்தைப் பார்த்தால், கடலையின் வாயுவை அடக்க யாரோ வைத்தியர் எழுதிக் கொடுத்த மாதிரி இல்லையா? நான் ஒரு சிட்டிகை பெருங்காயமும் ஒரு துண்டு இஞ்சியும் சேர்க்கச் சொல்வேன். அரபுக்காரர் கோபித்துக் கொண்டால் நான் பதில் சொல்லிக் கொள்கிறேன்.

மிக்ஸியில் தண்ணீர் விடாமல், விட்டு விட்டு ஓட்டிக் கொரகொரப்பாக எடுங்கள். ரவையை விடச் சற்றுப் பெரிய பதம். மைய அரைத்தால் உள்ளே கல்லாகும்; அரைபடாமல் விட்டால் உதிரும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும். பிடிபடாவிட்டால் ஒரு ஸ்பூன் கடலை மாவு சேர்க்கலாம், மைதா வேண்டாம். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் உருட்டுவது சுலபம். கடைகளில் சமையல் சோடாவைத் தாராளமாகப் போடுகிறார்கள். வீட்டில் தேவையே இல்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சோடாவும் உப்புக் கணக்கில்தான் சேரும்.

சின்ன எலுமிச்சை அளவு உருட்டி, லேசாகத் தட்டிவிடுங்கள். முழு உருண்டையாகப் போட்டால் வெளியே கருகும். உள்ளே பச்சை வாடை அடிக்கும். பச்சைக் கடலையில் வயிற்றைப் புரட்டுகிற சில புரதங்கள் உண்டு. சூட்டில்தான் அவை அழியும். ஒரு துளி மாவைக் கிள்ளிப் போட்டால் சட்டென்று நுரைத்து மேலே வர வேண்டும், எண்ணெய் புகையக் கூடாது. நிதானமான தீயில் நாலு நிமிடம். ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே பச்சைப் பசேலென்று ஆவி பறந்தால் சரி.

எண்ணெய் வேண்டாம் என்கிறவர்களுக்கு நம் குழிப்பணியாரக் கல் இருக்கிறதே! குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு, மூடி போட்டு, மெல்லிய தீயில் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தஹினிக்கு அரை கப் வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் வறுத்து, ஆறியதும் மிக்ஸியில் அரைத்து, ஒரு பல் பூண்டு, அரை மூடி எலுமிச்சைச் சாறு, உப்பு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுத் தளர அடித்துக் கொள்ளுங்கள். கசப்பு தெரிந்தால் எள் அதிகமாக வறுபட்டிருக்கிறது. மையோனைஸ் கேட்டு அடம்பிடிக்கிற பிள்ளைகள் கூட இதை வழித்து நக்கும். மைதா ரொட்டிக்குப் பதில் வீட்டுக் கோதுமைச் சப்பாத்தியில் வெள்ளரி, தக்காளி, மல்லி இலை வைத்துச் சுருட்டிக் கொடுங்கள்.

இனி எண்ணெய். கடையில் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான். ஒரே சட்டியில் காலை முதல் ராத்திரி வரை கொதித்து, குறைந்தால் மேலே ஊற்றி, மறுநாளும் அதையே வைத்து ஓட்டுகிற எண்ணெய். சூடேறிச் சூடேறி அதில் உண்டாகிற 'போலார்' கலவைகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. விதி இருக்கிறது. டீக்கடைச் சட்டியில் யார் அளந்து பார்க்கிறார்கள்? கறுத்து, பிசுபிசுத்து, ஓரத்தில் நுரை தங்குகிற எண்ணெயைப் பார்த்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டிலும் நாம் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. பொரித்த எண்ணெயைத் தூக்கில் ஊற்றி வைத்து, அடுத்த வாரம் அப்பளத்துக்கு, அதற்கடுத்த வாரம் மீனுக்கு! சின்னச் சட்டியில் குறைவாக எண்ணெய் வைத்து, ஐந்து ஐந்தாகப் போட்டு எடுங்கள். மிஞ்சியதை வடிகட்டி இரண்டு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வைக்க வேண்டாம். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் தவிர வேறெதிலும் கை வைக்க மாட்டார்கள். சூட்டில் அது எளிதில் கெடாது என்பது உண்மை. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறை கொழுப்பு. இதய நோயாளி இருக்கிற வீட்டில் பொரிப்பதற்குக் கடலை எண்ணெய் நல்லது, அதுவும் எப்போதாவது.

யார் ஒதுங்க வேண்டும்? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பு வகை எதையும் டாக்டர் சொன்ன அளவில்தான் சாப்பிட வேண்டும். எள் ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வருகிறவர்கள் தஹினிக்குப் பதில் தயிரில் பூண்டு தட்டிப் போட்டுக் கொள்ளலாம். நெஞ்செரிச்சல்காரர்கள் ராத்திரியில் தொடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கடலை நல்லது, ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும். ஆனால் பொரித்ததில் நாலுக்கு மேல் வேண்டாம். மைதா ரொட்டி கூடவே கூடாது.

முன்பு சொன்ன எகிப்து அவரை விஷயம். வளைகுடா நாடுகளில் சில கடைகளில் அந்த அவரையைக் கலந்தும் செய்வார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அந்த அவரை ஆகாது. ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலையும் சோகையும் வரும். இந்தக் குறை நம் நாட்டிலும் உண்டு, ஆண் பிள்ளைகளிடம் அதிகம். வீட்டில் யாருக்காவது அப்படிச் சொல்லியிருந்தால், அங்கே வேலை பார்க்கிற பிள்ளைக்கு உடனே போன் போட்டு, கடையில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கொண்டைக்கடலையில் செய்ததற்கு இந்தப் பயம் இல்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? வாரத்தில் ஒரு சாயங்காலம் போதும். மற்ற நாளில் அதே கடலையை அவித்துச் சுண்டல் செய்யுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் முடிகிற சுண்டலை எந்த ஃபலாஃபலும் ஜெயிக்க முடியாது. அதையும் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள், டீயைத் தள்ளி வையுங்கள்.

அரைத்த மாவு மிஞ்சினால் வெளியே வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். தட்டி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு வாரம் கூட இருக்கும். சுட்டது மிஞ்சினால் மறுநாள் தோசைக்கல்லில் போட்டு, எண்ணெய் விடாமல் இரண்டு பக்கமும் சூடு காட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டப்பாவில் வைத்து அனுப்பலாம்; கூட ஒரு எலுமிச்சைத் துண்டு.